நாலாவது பெயர்



உளி பிடிக்கிறவர்களே, வலை இழுக்கிறவர்களே, சூளையில் கல் அறுக்கிறவர்களே, மீன் கூடையும் கலவைச் சட்டியும் தலையில் சுமக்கிற அக்காமார்களே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்டோ ஓட்டுகிற தம்பிகளே! இதைப் படித்து மடித்துச் சட்டைப் பையில் செருகிவிடாதீர்கள். இன்று ராத்திரிக்குள் இன்னொருவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஏற்கெனவே நாம் நிறைய நாளைக் கடத்திவிட்டோம்.

வருகிற திங்கட்கிழமை, முதல் பஸ் கிளம்புமுன், மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் நான் நிற்பேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவின் வரிசையில் நிற்கப் போகிறோம். நம் சங்கத்தில் கிளைக்கு ஒருவர் என்று, குடிக்குச் சிகிச்சை எடுக்க நாலு பெயர் கேட்டிருந்தேன். குப்பத்திலிருந்து ஒருவர், சூளையிலிருந்து ஒருவர், ஆட்டோ நிறுத்தத்திலிருந்து ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். கல்பட்டறைக் கிளையிலிருந்து மட்டும் பெயர் வரவில்லை. அது என் கிளை. இருபத்தாறு வருஷம் நான் உட்கார்ந்து கல் கொத்திய பட்டறைகள் அவை. அங்கே குடிநோயாளி யாருமில்லை என்று என்னிடம் எவரும் சொல்ல முடியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்த குடிநோயாளி நான்தான்.

குடிநோயாளி. இந்தச் சொல்லைக் கொஞ்சம் வாயில் வைத்துப் பாருங்கள். இத்தனை காலம் நாம் சொல்லி வந்தது குடிகாரன். குடிகாரனைத் திட்டலாம், அறையலாம், கூட்டத்திலிருந்து கையைப் பிடித்து வெளியே விடலாம். நோயாளியை என்ன செய்வோம்? கல்தூசி நெஞ்சை அடைத்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம். டி.பி. வந்தால் ஆறு மாதம் மாத்திரை விழுங்குகிறானா என்று பார்த்துக்கொள்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநலக் கோளாறையும் நோய்க் கணக்கில்தான் வைத்திருக்கிறது. சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்தது சங்கத்துக்குத் தெரியாமல் போகலாமா?

தெரியாமல்தான் போனது. அதனால் ஒரு தோழரை இழந்தோம். அதைச் சொல்லாமல் நான் மேலே போகக்கூடாது.

அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் வீட்டு அக்கா கேட்டுக்கொண்டது அது. ஃபைபர் போட்டில் போகிறவர். மறியல் என்றால் முதல் ஆளாய் ரோட்டில் உட்காருவார். சுனாமி அடித்த அன்று யார் யார் பிள்ளைகளையோ தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் என்று குப்பத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். குடி மிஞ்சிப் போய்விட்டது, காலையில் கண் விழித்ததும் கட்டிங் இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் ஆறு பேர் கூடிப் பேசினோம். பாசத்தோடுதான் பேசினோம். வலைக் கொட்டகைக்குள் அவரை விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டு, ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தோம். மோர் கொடுத்தோம், எலுமிச்சைச் சாறு கொடுத்தோம், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். முதல் ராத்திரி சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்தது. மறுநாள் ஒரு தடவை வலிப்பு வந்து நின்றது. இரும்பைக் கையில் கொடுத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி, சுவர் முழுக்க நண்டு ஊறுகிறது என்றார், செத்துப்போன தன் அப்பாவை விளித்து வலையைத் தளர்த்தச் சொன்னார். போதை இறங்குகிறது, விடிந்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். விடியும்போது மறுபடி வலிப்பு. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். பாதி வழியில் முடிந்துவிட்டது.

தாழ்ப்பாள் போட்ட கை என் கை.

வருஷக்கணக்காய்த் தினமும் குடித்த உடம்பு, அதை ஒரேயடியாய் நிறுத்தும்போது என்ன செய்யும் என்று பின்னால் டாக்டர் எனக்கு விளக்கினார். கடைசியாகக் குடித்து ஏழெட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சல் ஏறும், நெஞ்சு படபடக்கும், உயிர் போகவும் போகும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. யாருக்கு ஆகும் என்பதை வலைக் கொட்டகையில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. முன்னால் ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கும், காலையிலேயே குடிக்கிறவருக்கும் ஆபத்து கூடுதல். ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இருக்கிறது. நரம்பின் கொதிப்பை அடக்குகிற மாத்திரையை முதலில் கூட்டிக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். தயமின் என்கிற பி1 ஊசி போடுகிறார்கள். குடிக்கிற உடம்பில் அந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே சேதம் வரலாம். நாங்கள் அன்பாய்க் கரைத்துக் கொடுத்தோமே, அந்தக் குளுக்கோஸ்!

ஆகவே தோழர்களே, முதல் வேண்டுகோள் இதுதான். தினமும் குடிக்கிற ஒருவரை இன்றைக்கே நிறுத்து என்று அடைத்து வைக்காதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், சவால் விடாதீர்கள். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் சாத்தப்பட்டன. ஏப்ரல் முதல் வாரத்தில், இதே செங்கல்பட்டில், மூன்று பேர் பெயிண்டையும் வார்னிஷையும் கலந்து குடித்துச் செத்தார்கள். அதே நாட்களில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மூன்று மீனவர்கள், சவரம் செய்த பிறகு முகத்தில் தடவுகிற லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்துச் செத்தார்கள். குடிவெறி என்று பத்திரிகையைப் புரட்டியவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த மூன்றாம் நாள் ராத்திரிதான் ஞாபகம் வந்தது. வார்னிஷ் என்று தெரிந்தே ஒருவன் வாயில் ஊற்றுகிறான் என்றால், அவன் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருக்கும்?

மூன்று வருஷம் கழித்து, 2023 மே மாதம். மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும், நம் மாவட்டத்தில் மதுராந்தகம் சித்தாமூர் பக்கத்து ஊர்களிலும் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் நம் மாவட்டத்துக்காரர்கள். அடுத்த வருஷமே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல் உயிர் போனது. குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள். காய்ச்சினவனைப் பிடித்தார்கள், அதிகாரிகளை மாற்றினார்கள். செத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பாக்கெட்டுக்கு முந்தின மாதம் ஒரு டாக்டரைப் பார்த்திருந்தால் அன்றைக்கு அதை வாங்கியே இருக்க மாட்டார்கள் என்று எந்த விசாரணையும் கேட்டதாய்த் தெரியவில்லை. குவார்ட்டருக்குக் காசில்லாத கைதான் பாக்கெட்டுக்கு நீள்கிறது.

மெத்தனாலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஒவ்வொரு குப்பத்துக்கும் காலனிக்கும் போய்ச் சேர வேண்டும். அது தொழிற்சாலைக்கான சாராயம். நிறத்திலோ வாசனையிலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்த உடனே வேலையைக் காட்டாது. உடம்புக்குள் மெல்ல ஃபார்மிக் அமிலமாய் மாறி, அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் பிடிக்கும். வயிறு முறுக்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும், கண் முன்னால் பனி மூட்டம் போலத் தெரியும். "கண்ணு மங்குது" என்று ஒருவர் சொன்னால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்க வைக்காதீர்கள். அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்கள். அவரோடு உட்கார்ந்து குடித்த எல்லாரும், எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர் உட்பட, அதே வண்டியில் ஏற வேண்டும். நேரத்துக்குப் போனால் முறிவு மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டில் கிடந்தால் கண்ணும் போகும், ஆளும் போவான்.

இனி, எப்படி அடையாளம் காண்பது?

ஜான் யூயிங் என்ற அமெரிக்க டாக்டர் 1984-ல் நாலே நாலு கேள்வியை மருத்துவ இதழில் எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்க டாக்டர்கள் அதைக் கேட்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: குடியைக் குறைக்கணும்னு உனக்கே எப்பவாவது தோணியிருக்கா? யாராவது உன் குடியைப் பத்திப் பேசினா சுர்ருனு கோபம் வருதா? குடிச்சதை நினைச்சு மனசு குத்தியிருக்கா? காலையில எழுந்ததும் கை நடுக்கத்துக்கோ தலைபாரத்துக்கோ ஒரு வாய் ஊத்திக்கிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புறியா? இரண்டுக்கு ஆமாம் என்றால் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், நாலாவதுக்கு மட்டும் ஆமாம் என்றாலே திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு இடம் போட்டு வைக்கலாம்.

நம் ஊரில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில் தயாராக இருக்கிறது. "நான் மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளு தொடுறதில்லப்பா, என்னைப் போய் அடிமைன்றியே!" கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, தைப்பூசத்துக்கு மேல்மருவத்தூர் சக்தி மாலை. நானும் போட்டவன். பதினொரு வருஷம் போட்டேன். அந்த நாட்களில் உண்மையாகவே தொட்டதில்லை, ஒரு பொய்யும் இல்லை. ஆனால் மாலை கழற்றும் நாள் எனக்கு நன்றாய் நினைவிருந்தது. இன்னும் பத்து நாள், இன்னும் நாலு நாள் என்று மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. கழற்றிய அன்று சாயங்காலம் குடித்ததைப் போல வருஷத்தில் வேறெந்த நாளும் குடித்ததில்லை. விரத காலத்தில் கட்டுப்பட்டிருப்பது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இந்த மனுஷனால் முடியும் என்பதற்குச் சாட்சி. நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நாற்பத்தெட்டாம் நாளிலிருந்து நாற்பத்தொன்பதாம் நாளுக்கு ஒருவனைக் கடத்திவிடத்தான் சிகிச்சை வேண்டும், கூட ஆள் வேண்டும். பொங்கல் முடிந்திருக்கிற இந்த வாரத்தில் நம் தெருவில் எத்தனை பேர் மாலையைக் கழற்றியிருக்கிறார்கள்? இந்தக் கடிதத்தை நான் இப்போது எழுதுவதற்கு அது ஒரு காரணம்.

என் கதையை நீட்டப் போவதில்லை. கல்வேலைக்காரருக்கு மட்டும் ஒரு விஷயம். நம் தொழிலில் நோய் முதலில் தெரிகிற இடம் கைதான். கண் திறக்கிற நேரம், மூக்கு நுனி, விரல் இடுக்கு, இங்கெல்லாம் உளியை வைக்கும்போது மூச்சைக்கூட அடக்கி வைப்போம் இல்லையா? எனக்குக் காலையில் அந்த வேலை வராது என்று ஆகிவிட்டது. ஒரு கட்டிங் உள்ளே போனால் கை நிற்கும், அப்புறம் கொத்துவேன். இதைத் தொழில் ரகசியம் மாதிரி வைத்திருந்தேன். குடித்தால்தான் என் கை நேராக நிற்கிறது என்று நானே நம்பினேன். குடிதான் அந்தக் கையை நடுங்க வைத்தது என்பது மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் ஒரு அம்மன் சிலை, நாலு மாச வேலை, அபய ஹஸ்தத்தின் சுண்டுவிரல் தெறித்து விழுந்தது. பட்டறையில் அத்தனை உளிச் சத்தமும் நின்றுபோனது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் உளியை வாங்கித் துணியில் சுற்றி வைத்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா, நானும் வரேன்" என்றார். அவ்வளவுதான். "நானும் வரேன்" என்று அவர் சொல்லாமல், "போய்ட்டு வா" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

உளிக்கலையின் ஊர் என்று உலகம் நம்மைப் பார்க்கிறது. நம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். அந்தக் கைகளைக் காப்பாற்ற நமக்கு ஒரு திட்டமும் இல்லை.

வீட்டுப் பெண்களிடம் தனியாக ஒன்று பேச வேண்டும். அக்கா, தங்கச்சி, நீங்கள் படுகிற பாட்டை நான் அறிவேன். என் வீட்டிலேயே பட்டாள். குடியை விடக் கோயிலில் கயிறு கட்டக் கூட்டிப்போகிறீர்கள். கட்டிக்கொண்டு வரட்டும், மனசுக்குத் தெம்பு. கயிறு கட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கும் வரட்டும். ஆனால் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி யாரோ பொடி விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து வரும். டாக்டர்கள் அதை அவரவருக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, ரத்தப் பரிசோதனை செய்துதான் கொடுப்பார்கள். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தால் அது விஷம் வைப்பதற்குச் சமம். மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, கண் வெளுத்ததும் குடிக்க விட்டுவிடுவதும் வேண்டாம். அந்த மஞ்சள், ஈரல் கடைசியாய் அடிக்கிற மணி. இன்னொன்று: அவர் குடிப்பது உங்களால் அல்ல. நீங்கள் குழம்பில் உப்பைக் குறைத்ததால் அல்ல, வாய் பேசியதால் அல்ல. யார் என்ன சொன்னாலும் இதை நம்பாதீர்கள். அவர் கை ஓங்கினால் பொறுத்துப்போக வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நோய் ஒருவனுக்கு அடிக்கிற உரிமையைத் தராது. பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள், எங்களையும் கூப்பிடுங்கள். பெண்களிலும் குடிநோயாளிகள் இருக்கிறார்கள், சூளையில் நாள் முழுக்க வளைந்து நிமிர்ந்த இடுப்பு வலிக்கு ஆரம்பித்தவர்கள். அவர்களுக்கு ஆணைவிட வெட்கம் பத்து மடங்கு. அவர்களைக் கூட்டிவரப் பெண் தோழர்கள் வேண்டும்.

இது ஏழை வீட்டு நோய் என்று நினைக்காதீர்கள். சென்னையில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று இருக்கிறதே, அது எப்படி வந்தது? பெரிய தொழில் குடும்பம். அந்த வீட்டு மருமகள் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். துக்கத்தோடு உட்கார்ந்துவிடாமல் வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து 1980-ல் அதைத் தொடங்கினார். எனக்கு அதில் பிடித்தது பட்டணத்து ஆஸ்பத்திரியைவிட அவர்கள் மஞ்சக்குடியில் செய்த காரியம். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் அது. ஊரிலேயே முகாம் போட்டு, அங்கேயே தங்கவைத்து, குடும்பத்தையும் உட்கார வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தினார்கள். கிராமத்தில் நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மஞ்சக்குடி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சங்கத்துக்கு இது வேலையா என்று போன செயற்குழுவில் ஒரு தோழர் கேட்டார். நல்ல தோழர், நேர்மையான கேள்வி. அவருக்கு இன்னொரு சங்கத்தின் கதையைச் சொல்கிறேன். சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹராவின் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் 1977-ல் சங்கர் குஹா நியோகியோடு சங்கம் கட்டினார்கள். போராடிக் கூலியை உயர்த்தினார்கள். உயர்ந்த கூலி எங்கே போகிறது என்று பார்த்தால் சாராயக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. குடியை எதிர்ப்பதும் சங்கத்தின் வேலை என்று அன்றைக்கு முடிவு எடுத்தார்கள். சாராய முதலாளிகளின் பகையை அதனால் சம்பாதித்தார்கள், பின்வாங்கவில்லை. பிறகு தொழிலாளர்களே கல்லும் மண்ணும் சுமந்து சொந்தமாக ஒரு ஆஸ்பத்திரியையும் கட்டினார்கள். 1991 செப்டம்பரில் நியோகியைத் தூங்கும்போது சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆஸ்பத்திரி நிற்கிறது. கேள்வி கேட்ட தோழருக்கு என் பதில் அதுதான். நாம் வாங்கிக் கொடுத்த கூலி உயர்வில் எவ்வளவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்காத சங்கம், பாதி வேலையில் எழுந்துபோன சங்கம்.

மதுக்கடைக்கு எதிரான நம் போராட்டத்தைக் கைவிடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் நம் சூளைக் கூலியும் இருக்கிறது, ஏலத்தில் வந்த மீன்காசும் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையை எடுக்கச் சொல்லி நாம் நடத்துகிற போராட்டம் நடக்கட்டும். இந்த வருமானத்துக்கு ஈடாக ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் மீட்புச் சிகிச்சைக்குப் படுக்கை கேட்போம். 2025 பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்று 25 மீட்பு மையங்களைத் தொடங்கினார்கள். நல்ல காரியம், வரவேற்போம். நம் ஊர்க் குன்றின் மேல் நிற்கிற கலங்கரை விளக்கத்தைப் போல எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்போம். திருப்போரூரிலும் செய்யூரிலும் இருக்கிறவன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் இன்றைக்குச் சிகிச்சைக்குப் போக முடிகிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பைப் பாருங்கள்: இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு உதவி பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இந்த 180-ல் மீதி 179 பேர் யார் என்று கேட்டால், உங்கள் தெருவில் எண்ணிக்காட்டலாம்.

தனியார் மறுவாழ்வு மையம் என்று வேன் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறார்களே, அங்கே ஜாக்கிரதை. நல்லபடியாய் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்து வைத்து அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பல்லை இழந்து திரும்பி வந்த ஒருவர் நம் சூளைக் கிளையில் இருக்கிறார். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சங்கிலி போடுவதை 2017 சட்டம் தடை செய்திருக்கிறது. பதிவுச் சான்றைக் காட்டாத இடத்தில் பணம் கட்டாதீர்கள், ஆளையும் விடாதீர்கள். பஸ் வரைக்கும் வரத் தயங்குகிறவர்கள் முதலில் போனில் பேசலாம். 14416, டெலி மானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். 14446, போதை மீட்புக்கான தேசிய எண். மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. மூன்றுக்கும் காசில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கழிகிற முதல் பத்து நாள் சுலபமான பகுதி என்று சொன்னால் நம்புவீர்களா? கஷ்டம் அதற்கப்புறம். ஆசையை அடக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன, மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். மனநல ஆலோசகரைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவில் இரண்டே இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதில் பிறந்தது. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். நான் இன்றைக்கும் போகிறேன். இத்தனையும் செய்தும் சிலர் மறுபடி குடிப்பார்கள். நானும் ஐந்தாம் மாதத்தில் ஒருதரம் குடித்தேன். அப்போதும் அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சீட்டு வாங்க மறுபடி வரிசையில் நின்றார். சர்க்கரை வியாதிக்காரர் ஒருநாள் லட்டு தின்றுவிட்டார் என்று மாத்திரையை நிறுத்துகிறோமா?

இப்போது சங்கம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிகிச்சைக்குப் போகிற தோழரின் வேலையை யாரும் பறிக்கக்கூடாது. போட்டில் அவர் பங்கு நிற்கட்டும், பட்டறையில் அவர் இடம் நிற்கட்டும். அதை மேஸ்திரியிடமும் முதலாளியிடமும் பேசுவது கிளைச் செயலாளரின் பொறுப்பு. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு வீட்டுக்கு அரிசி போக வேண்டும். முதல் நாலு ராத்திரி, படுக்கைக்குப் பக்கத்தில் முறைவைத்து நம் ஆள் ஒருவர். திரும்பி வந்த பிறகு, மீன் பாடு வித்த சாயங்காலமும் கூலி வாங்குகிற சனிக்கிழமையும் அவரைத் தனியாக விடக்கூடாது. அந்த இரண்டு வேளையில்தான் எல்லாம் நடக்கிறது. "வாடா, ஒண்ணே ஒண்ணு" என்று கூப்பிடுகிற நண்பன் நம் உறுப்பினராக இருந்தால் அவரிடம் நான் நேரில் பேசுவேன். நம் மாநாட்டுக்கு வருகிற வேனில் இனி பாட்டில் ஏறாது. யாருடைய பெயரும் நோட்டில் எழுதப்படாது. என் மனசில் மட்டும் இருக்கும்.

மாசி மகத்துக்கு இன்னும் சில வாரம்தான். அந்தப் பௌர்ணமிக்கு இருளர் குடும்பங்கள் எத்தனையோ ஊரிலிருந்து வந்து நம் கடற்கரையில் குடிசை போட்டுத் தங்கிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், பெண் பார்ப்பார்கள், விடியும்போது தாலி கட்டுவார்கள். 2023 மே மாதம் சித்தாமூர்ப் பக்கம் சாவு விழுந்த தெருக்களில் அவர்கள் தெருவும் ஒன்று. உபதேசம் பண்ண அங்கே போகக்கூடாது. அவர்களுக்குள்ளேயே குடியிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும். மெத்தனாலைப் பற்றி, 108 பற்றி, ஆஸ்பத்திரி பற்றி. நாம் தண்ணீர்ப் பானை வைப்போம், கூட உட்காருவோம். அந்த ராத்திரிக்குள் நம்மில் ஐம்பது பேர் இந்த நாலு கேள்வியையும் மனப்பாடமாய்க் கேட்கத் தெரிந்தவர்களாய் ஆக வேண்டும்.

கல்பட்டறைத் தோழர்களே, கடைசியாக உங்களிடம். நேற்று சாயங்காலம் பட்டறைத் தெருவில் நடந்து வந்தேன். எல்லாரும் கொத்திக்கொண்டிருந்தீர்கள். ஒரு பட்டறையில் ஒருவர் மட்டும் உளியை வைத்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பீடி தேடுகிற மாதிரி பாவனை செய்தார். தம்பி, நானும் அப்படித்தான் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் இருவரும் அதைப் பார்த்தீர்கள். இன்று ராத்திரி அவர் வீட்டுக்குப் போங்கள். குடித்திருக்கும்போது பேசாதீர்கள், விடியற்காலையில், கை நடுங்குகிற நேரத்தில், டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். "நாங்களும் வரோம்" என்று சொல்லுங்கள். ஆதார் அட்டை, ஒரு லுங்கி, ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உளியை நீங்கள் வாங்கித் துணியில் சுற்றி வையுங்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நான் நிலையத்தில் இருப்பேன், நாலு டிக்கெட்டுக்குக் காசோடு.